வளவு யாருக்கு வந்தது?

அன்புள்ள அக்கா,

நான் பிறந்தது திருகோணமலை, வளர்ந்தது ஸ்காபரோவில். என்னோடு வேலை செய்யும் ஒரு பெண் கனடாவின் 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தன் பூட்டனின் பெயரைக் கண்டுபிடித்துக் காட்டினாள். வயது, தொழில், வீட்டில் இருந்தவர்கள் எல்லாம் கையெழுத்தில் இருந்தது. எனக்கும் ஆசை வந்துவிட்டது. அப்பப்பாவின் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து தோணியில் வந்தவர் என்பார்கள். இலங்கையின் 1871, 1881 கணக்கெடுப்புகளில் அவர் பெயர் கிடைக்குமா? டிஎன்ஏ பரிசோதனை உதவுமா? எங்கள் குடும்பத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் மாற்றுக் கலியாணங்கள் அதிகம். ஒரே ஆள் மாமாவாகவும் பெரியப்பாவாகவும் வருகிறார். இதற்கிடையில் மூதூர்ப் பக்கத்து வேடர் பழங்குடிப் பெண் ஒருவரும் வந்திருக்கிறார். அப்பாவோ, "அதையெல்லாம் விடு, நம் சுத்தமான வழியை மட்டும் போடு" என்கிறார். எப்படிச் செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசையில் அம்மம்மாவின் சீதன உறுதி, அதாவது காணி எழுதிக்கொடுத்த பத்திரம், விரித்தபடி கிடந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: கிடைக்காது. கனடாவில் 92 வருடம் கழித்துப் பெயர்களோடு திறந்துவிடுகிறார்கள். அப்படித்தான் 1931ஆம் ஆண்டுத் தாள்கள் 2023இல் வெளியே வந்தன. இங்கே இலங்கையில் 1871 மார்ச் 27ஆம் தேதி முதல் பெரிய கணக்கெடுப்பு நடந்தது. அதிலிருந்து நம் கைக்கு வருவது அட்டவணைதான். திருகோணமலையில் இத்தனை ஆண், இத்தனை பெண், இந்த இனம், இந்தச் சமயம் என்று இருக்கும். உங்கள் பாட்டனார் அதில் ஓர் எண்ணாக இருப்பார். 1931க்கும் போய்ப் பயனில்லை. உலகப் பொருளாதார மந்தத்தால் அந்த வருடம் இங்கே சுருக்கமாகத்தான் எண்ணினார்கள்.

அந்த அட்டவணைகளைப் படிப்பதென்றாலும் கவனமாகப் படிக்க வேண்டும். 1871இல் 24 இனம், 78 தேசியம் என்று பிரித்தார்கள். பத்தே வருடத்தில், 1881இல், இனங்களை ஏழாகச் சுருக்கிவிட்டார்கள். பொன்னம்பலம் அருணாசலம் பொறுப்பில் நடந்த 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வரை தமிழர் ஒரே நிரல். 1911இல் அதை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாக்கினார்கள். நாகப்பட்டினத்துத் தோணிக்காரர் ஒருவரின் பேரப்பிள்ளைகள் அந்த வருடம் எந்த நிரலில் விழுந்தார்கள் என்பது, வாசலில் நின்று எழுதியவர் என்ன கேட்டார், உள்ளே இருந்தவர் என்ன சொன்னார் என்பதைப் பொறுத்தது. மனிதர்கள் அதே வீட்டில்தான் இருந்தார்கள், அதே கிணற்றில்தான் தண்ணீர் அள்ளினார்கள்.

டிஎன்ஏவுக்குக் காசு செலவழிக்காதீர்கள். அது முன்னோர் யாருடைய பெயரையும் சொல்லாது.

இனி உங்கள் அப்பா சொன்ன அந்த வார்த்தைக்கு வருகிறேன். சுத்தமான வழி! எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. திருகோணமலை கடலைப் பார்த்து இருக்கிற ஊர். 1957இல் வெள்ளைக்காரக் கடற்படை போகும்வரை துறைமுகத்தில் வேலைக்கென்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். பாலையூற்றில் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர், கிண்ணியாவில் முஸ்லிம்கள், மூதூர், வெருகல் கரையில் தமிழ் பேசும் வேடர். வாடைக் காற்றுக்கும் சோளகக் காற்றுக்கும் இடம் மாறிய கரையோர மீனவர். இப்படிப்பட்ட ஊரில் நாலு தலைமுறை பிறந்த குடும்பம் தன்னைச் சுத்தம் என்று சொன்னால், அந்தக் குடும்பம் பெண்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்றுதான் பொருள். அந்த வேடர் பெண் உங்கள் குடும்பத்தில் யாருக்கோ தாய். அவரை விட்டுவிட்டு மரம் வரைவதானால் அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று எழுதுவீர்கள்? நீங்களும் அப்பாவிடம் இதைக் கேட்காமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதுவும் சரியில்லை.

அப்பாவை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நம் காகிதங்களே அப்படித்தான். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு. பூட்டனுக்கும் ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் கேட்டதும் தந்தை, தந்தையின் தந்தை, அவருடைய தந்தை என்ற இந்தப் படியைத்தான். தாயின் பெயர் ஒரு தலைமுறைக்கு வருகிறது, அவ்வளவுதான். தாயின் தாய் எந்தக் கூட்டிலும் இல்லை. நம் பெயரின் முன்னால் நிற்கும் முதலெழுத்தும் அப்பாவுடையதுதானே.

ஆனால் ஒரு காகிதம் மட்டும் பெண் வழியே போகிறது. அதுதான் உறுதி. கிழக்கில் வீடும், அதைச் சுற்றிய காணியான வளவும் பெண் பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்திலிருந்து காணி கைமாற வேண்டுமானால் பத்திரம் எழுதும் நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். எழுதும்போது, கொடுப்பவருக்கு அந்தக் காணி எப்படி வந்தது என்றும் சொல்வார்கள். "எனது தாயாரால் இன்ன திகதி, இன்ன நொத்தாரிசு எழுதிய இன்ன இலக்க உறுதிப்படி எனக்குக் கிடைத்ததும்" என்று வரும். அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு காணிப் பதிவகத்துக்குப் போனால் அதற்கு முந்தின உறுதி, அதற்கும் முந்தினது என்று தாய், தாயின் தாய் என்று பின்னால் போகலாம். நாலு எல்லையிலும் யார் வளவு என்று எழுதியிருக்கும். பல வேளை அது சகோதரிகளின் வளவு. சாட்சிகளில் ஒருவர் சில வேளை தாய்மாமன். உங்கள் கனடாத் தோழியின் தாளில் இவ்வளவு உறவு இருந்திருக்காது.

அம்மம்மாவின் உறுதியைச் சொல்லத் தொடங்கினேன். அவர் தையல் மெஷினில் உட்கார்ந்தால் எங்களைப் பக்கத்தில் விடமாட்டார். விளிம்பு மடித்துத் தையல் போடும்போது வாய்க்குள் ஏதோ எண்ணுவார். உங், தோஸ், திரேஸ். நாங்கள் அது மெஷினுக்கு ஓதும் மந்திரம் என்று நினைத்திருந்தோம். நெற்றியில் திருநீறு, வெள்ளிக்கிழமை விரதம், ஆடி அமாவாசைக்குக் கோணேசர் கோயிலடிக் கடலில் முழுக்கு. அவருக்கு அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று ஒருவரும் கேட்கவில்லை.

அம்மா இறந்த பிறகு அந்த வளவை என் பெயருக்கு மாற்றப் போனேன். ஓர் அலுவலகத்தில் பெயர் பொருந்தவில்லை என்று மூன்று மாதம் அலைய வைத்தார்கள். அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் நல்ல தமிழ்ப் பெயர், இனம் இலங்கைத் தமிழர். உறுதியில் அதே வளவைப் பெற்றுக்கொண்ட பெண்ணுக்குப் போர்த்துக்கேயப் பெயர். கொடுத்தவர் அவருடைய தாய், அவருக்கும் அப்படியே. எல்லை முழுக்கப் பாலையூற்றுப் பறங்கியர் வளவுகள். கீழே மூலையில் கொடுத்தவரின் பெருவிரல் அடையாளம். மை கொஞ்சம் இழுபட்டு, விரலை எடுக்கும்போது கை நடுங்கியது தெரிகிறது. கலியாணத்தோடு அம்மம்மாவுக்குப் பெயர் மாறியது, சமயம் மாறியது, கணக்கெடுப்பில் நிரலும் மாறியது. தையலை எண்ணும்போது மட்டும் தாய் சொல்லிக்கொடுத்தபடி பறங்கியரின் போர்த்துக்கேயத்தில் எண்ணினார்.

அன்று அந்த அலுவலக வாங்கில் உட்கார்ந்து அழுதேன். பெயர் பொருந்தாததற்கு அல்ல. எழுபது வருடம் ஒரு வீட்டுக்குள் ஒரு பெண் தன் மொழியில் மூன்று வரை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார், எனக்குக் கேட்கத் தோன்றவில்லையே என்று.

மாற்றுக் கலியாணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆளுக்கு ஒரே ஒரு பெட்டி போடுங்கள், கோடுகளை எத்தனை வேண்டுமானாலும் இழுங்கள். மாமாவும் அவரே பெரியப்பாவும் அவரே என்றால் இரண்டு கோடு. அது சிக்கல் இல்லை, அப்புறம் பழகிவிடும்.

உங்கள் அப்பம்மா இன்னும் ஊரில் இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்றைக்கே போன் எடுங்கள். இங்கே காலை ஒன்பது மணி என்றால் உங்களுக்கு முந்தின இரவு பத்தரை, கோடையென்றால் பதினொன்றரை, அவர் தேத்தண்ணி குடித்து முடித்திருப்பார். நாகப்பட்டினத்துத் தோணியைப் பற்றி இப்போது கேட்க வேண்டாம். அவர் இருக்கும் வளவு யாரிடமிருந்து வந்தது, உறுதி எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று கேளுங்கள். அப்புறம் அவருடைய அம்மாவின் பெயர். கலியாணத்துக்கு முந்தின பெயர்.