பெண்டரை நீங்களே மாற்றலாம், கதவைத் தொடாதீர்கள்

கேள்வி: ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி, தடுப்புச் சுவரில் இடது பக்கத்தை உரசிவிட்டேன். 2019 மாடல் ஸ்விஃப்ட், வெள்ளை. முன் பெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகரம்) நசுங்கிவிட்டது, முன் கதவில் நீளமாக ஒரு பள்ளம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் இரண்டையும் புதிதாக மாற்ற 31,500 ரூபாய் என்கிறார்கள் (பாகங்கள் 16,000, பெயின்ட் 10,000, லேபர் 5,500). பக்கத்து டிங்கரிங் கடையில் பெண்டரை மாற்றி, கதவைத் தட்டி எடுத்து, பெயின்ட் அடிக்க 14,000. என் மச்சான், "ரெண்டையும் பழசா வாங்கி, ஞாயித்துக்கிழமை நாமே மாட்டிடலாம்" என்கிறார். இதற்கிடையில் ஒருவர் வந்து, "கையெழுத்து மட்டும் போடுங்க, இன்சூரன்ஸ்ல பைசா செலவில்லாம முடிச்சுத் தர்றேன்" என்று பாலிசி நகலையும் ஆர்.சி. நகலையும் வாங்கிப் போயிருக்கிறார். பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காமல் கொடுக்கும் இன்சூரன்ஸ்) கிடையாது. இதுவரை கிளைம் எடுத்ததில்லை, என்சிபி (கிளைம் எடுக்காததற்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) 50 சதவீதம் இருக்கிறது. என்ன செய்வது? (அஸ்தம்பட்டி வாசகர்)

பதில்: முதலில் சக்கரத்தைப் பாருங்கள், தகரத்தை அப்புறம் பார்க்கலாம். இடது முன் சக்கரத்தின் ரிம்மில் கீறலோ நெளிவோ இருக்கிறதா? நேரான சாலையில் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா? இருந்தால் சுவர் தட்டியது பெண்டரோடு நிற்கவில்லை, சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம், அதைத் திருப்பும் டை ராடு வரை போயிருக்கலாம். வீல் அலைன்மென்ட் பார்த்து ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்துதான் மற்ற பேச்சு. அதுவரை இருபது வளைவையும் இன்னொரு முறை ஏறி இறங்க வேண்டாம்.

சக்கரம் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பெண்டர் விஷயத்தில் உங்கள் மச்சான் சொல்வது சரி. அது வெல்டிங் செய்யாத பாகம், போல்ட்டில் நிற்கிறது. பத்தாம் நம்பர் சாக்கெட்டும், கிளிப் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோலும், பொறுமையும் இருந்தால் போதும். சக்கரத்தைக் கழற்றி உள்ளே பெண்டரை மறைத்திருக்கும் லைனரை எடுங்கள், பம்பரின் அந்த ஓரத்தை விடுவியுங்கள், பிறகு பானட் ஓரத்து போல்ட்டுகளைக் கழற்றுங்கள். பெண்டர் அப்போதும் வராது. கதவைத் திறந்தால் தெரியும் இடத்தில் ஒரு போல்ட், கீழே ரன்னிங் போர்டு (கதவுக்கு அடியில் ஓடும் சட்டம்) பக்கம் ஒரு போல்ட் ஒளிந்திருக்கும். அவற்றைப் பார்க்காமல் பலம் போட்டு இழுத்துத்தான் பலர் பக்கத்துப் பாகத்தையும் நெளித்துக்கொள்கிறார்கள். வண்டியை வெறும் ஜாக்கியில் நிறுத்திக்கொண்டு கையை உள்ளே விடாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

வாங்கும்போது இண்டிகேட்டர் பெண்டரில் இருக்கும் மாடலா, பக்கக் கண்ணாடியில் இருக்கும் மாடலா என்று பார்த்து வாங்குங்கள். பில் கட்டாயம். 2025 செப்டம்பர் 22 முதல் கார் பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், பழைய 28 சதவீதத்தைச் சொல்லி விலையை ஏற்றினால் கேள்வி கேளுங்கள். புது பெண்டர் பிரைமரோடு வரும். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் ஒரு முறை மாட்டிப் பாருங்கள். பானட்டுக்கும் கதவுக்கும் இடையில் விழும் இடைவெளி வலது பக்கத்தில் இருக்கும் அளவுக்கு வருகிறதா? வராவிட்டால் அப்போதே திருப்பிக் கொடுக்கலாம். பெயின்ட் அடித்த பாகத்தை எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுக்கமாட்டார். கம்பெனி பாகம் இல்லாமல் லோக்கல் தகரம் வாங்கியவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம், துளைகள் ஒன்றுக்கொன்று சேராது.

கதவு வேறு கதை. அதற்குள் கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் மெஷின், பூட்டு, வயரிங், பக்கவாட்டு மோதலைத் தாங்கும் இரும்புக் கம்பம் எல்லாம் இருக்கின்றன. தூக்கிப் பிடிக்க ஒருவர், ஹின்ஜ் சரி செய்ய ஒருவர் என்று வேலை இழுக்கும். கடைசியில் மழைத் தண்ணீர் உள்ளே வரும், அறைந்து சாத்தினால்தான் மூடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பள்ளம் வெளித்தகட்டில்தான். ஓரச் சட்டம் நேராக இருந்தால் நல்ல டிங்கர் இழுத்து எடுத்துவிடுவார், மாற்றவே தேவையில்லை. சர்வீஸ் சென்டரில் ஏன் புதுக் கதவு என்கிறார்கள்? தட்டி எடுக்கும் வேலைக்கு அங்கே இப்போது பொறுமையும் இல்லை, ஆளும் குறைவு. பாகத்தை மாற்றினால் பில்லும் பெரிதாகும், கம்ப்யூட்டரில் போடுவதும் சுலபம்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் கைகள் இருக்கும் பக்கம் நம் பக்கம். தகர வேலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. ஆனால் லாரிக்குப் பழகிய கேஸ் வெல்டிங்கைக் கார் பில்லரில் (கூரையைத் தாங்கும் தூண்) வைக்க விடாதீர்கள். பில்லர், ரன்னிங் போர்டு, பின் குவார்ட்டர் (பின் சக்கரத்தைச் சுற்றிய தகடு) எல்லாம் வெல்டிங்கில் நிற்பவை. அவற்றில் பல இடங்களில் உயர் வலிமை இரும்பு இருக்கிறது, சூடுபடுத்தினால் வலிமை போய்விடும், துரு தடுக்கும் பூச்சும் எரிந்துவிடும். அந்த வேலை ஸ்பாட் வெல்டிங்கும் சிஓடூ வெல்டிங்கும் இருக்கும் கடைக்கு மட்டும். உங்களுக்கு இப்போது அது தேவையில்லை.

இனி பழைய பாகம். பொதுவாக நான் வேண்டாம் என்பேன். ஆனால் ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் அது உண்மையிலேயே லாபம்: உங்கள் வண்டியின் அதே நிறத்தில், அடிபடாத பெண்டர் கிடைத்தால். பெயின்ட் செலவே இல்லை, போல்ட்டை முடுக்கினால் வேலை முடிந்தது. கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ தேடினால் கிடைக்கவும் கிடைக்கும். ஆனால் "அதே நிறம்" என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வெள்ளை என்றால் ஒரே வெள்ளை இல்லை. மாருதியிலேயே சுப்பீரியர் ஒயிட் வேறு, பேர்ல் ஆர்க்டிக் ஒயிட் வேறு. கடை வாசலில் நிழலில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். வெயிலில் வண்டியில் மாட்டினால் வெள்ளை வேட்டியில் வேறு துணி ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். அதனால் வண்டியில் இருக்கும் கலர் கோட் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது, எந்த வருட மாடல் என்று கேளுங்கள். 2018-க்கு முந்தைய தலைமுறை ஸ்விஃப்ட்டின் பெண்டர் உங்களுடையதில் உட்காரவே உட்காராது. கோட் எண் பொருந்தினாலும் அடுத்த சோதனை இருக்கிறது. சேலம் வெயிலில் ஆறேழு வருடம் நின்ற வண்டியும், ஷெட்டில் நின்ற வண்டியும் ஒரே அளவு மங்கியிருக்காது. கதவோடு சேர்த்துவைத்து வெயிலில் பார்க்க வேண்டும். அதற்கும் மேலே, சின்ன காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி பெண்டர் முழுக்க நகர்த்துங்கள். எங்கே பிடிப்பு தளர்கிறதோ அங்கே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) இருக்கிறது, ஏற்கெனவே ஒரு முறை அடிபட்டுத் தட்டிய பெண்டர் அது. இத்தனையும் தாண்டி நல்லதாக வந்தால் வாங்குங்கள், பில்லோடு. பில் இல்லாத பாகம் திருட்டு வண்டியிலிருந்து வந்ததாக இருந்தால், தெரிந்தே வாங்கினீர்களா இல்லையா என்று போலீஸில் விளக்குவது உங்கள் வேலை ஆகிவிடும்.

பெயின்ட்டை வீட்டில் செய்யாதீர்கள். ஸ்ப்ரே டப்பாவில் அடித்தது நாளாவட்டத்தில் மங்கும், பெட்ரோல் பட்டால் கரையும். ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பெயின்ட்டில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவை வரவழைக்கும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது. கலர் மேட்ச் ஆக வேண்டுமானால் கதவின் ஓரம்வரை கலந்து அடிக்க வேண்டும், அதை பூத்தில்தான் (தூசி புகாத பெயின்ட் அறை) ஒழுங்காகச் செய்ய முடியும். உங்கள் பக்கத்துக் கடையில் பூத் இல்லை, ரோட்டோரத்தில்தான் அடிப்பார்கள் என்றால், தட்டும் வேலையை அங்கே முடித்துவிட்டுப் பெயின்ட்டுக்கு வேறு இடம் போங்கள். கதவில் கைக்குத் தட்டுப்படும் அளவுக்குப் பட்டியை அப்பிவிட்டால் அடுத்த கோடையில் வெடிக்கும், பணம் கொடுப்பதற்கு முன் அதே காந்தத்தை அங்கேயும் வைத்துப் பாருங்கள்.

சரி, இன்சூரன்ஸ். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு உலோகப் பாகங்களில் 40 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். உங்கள் 16,000-ல் 6,400 உங்கள் தலையில். பெயின்ட் பில்லில் கால் பங்கை மெட்டீரியல் என்று எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 1,250. ஒவ்வொரு கிளைமிலும் நீங்கள் ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. ஆக 8,650 ரூபாய் நீங்கள் கட்ட வேண்டும். இந்த அட்டவணை 2002-ல் போட்ட மோட்டார் டாரிப் (எல்லா இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் பொதுவான கட்டண விதி) காலத்தது. டாரிப் விலைக் கட்டுப்பாடு 2007-லேயே போய்விட்டது, வாடிக்கையாளருக்குப் பாதகமான இந்த அட்டவணை மட்டும் பல பாலிசிகளில் ஆடாமல் அசையாமல் நிற்கிறது.

இதோடு முடியவில்லை. கிளைம் எடுத்தால் அடுத்த புதுப்பித்தலில் உங்கள் 50 சதவீத என்சிபி பூஜ்யம் ஆகும். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-க்கு வர வேண்டும். இழப்பைக் கூட்டினால் 50, 30, 25, 15, 5, மொத்தம் 125 சதவீதம். அதாவது ஒரு வருட ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பிரீமியத்தில் ஒன்றேகால் பங்கு. அந்த பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 6,000 என்றால் 7,500 ரூபாய் சொட்டுச் சொட்டாகப் போகும். 8,650-யும் சேர்த்தால் 16,150. டிங்கரிங் கடைக்கு 14,000. அப்புறம் எதற்குக் கிளைம்? பெண்டரை நீங்களே மாட்டினால் 14,000-ம் இன்னும் கொஞ்சம் குறையும். பம்பர் டு பம்பர் இருந்திருந்தால் நான் கிளைமே எடுக்கச் சொல்லியிருப்பேன்.

இப்போது உங்கள் நகலை வாங்கிப் போனவர். "பைசா செலவில்லை" என்பது மேலே போட்ட கணக்கில் எந்த வரியிலும் வரவில்லை, கவனித்தீர்களா? அந்த 8,650 எங்கிருந்தோ வர வேண்டும். வழக்கமாக வரும் வழிகள் எனக்குத் தெரியும், எத்தனையோ எஸ்டிமேட்டுகளில் பார்த்திருக்கிறேன். புதுக் கதவு என்று பில் போட்டு பழைய கதவையே தட்டி மாட்டுவது. பழைய கீறல்களையும் இதே விபத்தில் நடந்ததாகச் சேர்ப்பது. விபத்து நடந்த இடத்தையும் தேதியையும் வசதிக்கு மாற்றி எழுதுவது. எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து, கமிஷன் வாங்கியவருடைய பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. இன்சூரன்ஸ் கம்பெனி கண்டுபிடித்தால் பொய்த் தகவல் என்று மறுப்பது உங்கள் கிளைமைத்தான். போட்டோவை மட்டும் ஆப்பில் பார்த்து கிளைமைப் பாஸ் செய்யும் காலம் வந்ததிலிருந்து இந்த ஆட்களுக்கு வேலை இன்னும் சுலபமாகிவிட்டது. நேரில் வந்து கதவைத் திறந்து பார்க்க ஒருவரை அனுப்புவதற்குக் கம்பெனிக்குச் செலவாம்.

எந்தக் கடையாக இருந்தாலும் வெற்றுக் கிளைம் படிவத்திலும், வேலை முடிவதற்கு முன்பே நீட்டும் சாடிஸ்ஃபேக்ஷன் வவுச்சரிலும் (வேலை திருப்தி என்று ஒப்புக்கொள்ளும் தாள்) கையெழுத்துப் போடாதீர்கள். வண்டியை விடும்போது பெண்டரின் உள்பக்கத்திலும் கதவின் உள்ளோரத்திலும் பெயின்ட் மார்க்கரால் சின்னக் குறி வைத்து போட்டோ எடுங்கள். மாற்றியதாகச் சொன்னால் பழையதைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்றே பாலிசியில் இருக்கும் வாடிக்கையாளர் எண்ணுக்கு நீங்களே போன் செய்து, உங்கள் பெயரில் கிளைம் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவாகியிருந்தால் திரும்பப் பெறுவதாக மெயிலில் எழுதி, பணம் எதுவும் கொடுக்கப்படவில்லை என்று பதிலையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். அடுத்த முறை பாலிசியைப் புதுப்பிக்கும்போது என்சிபி பற்றிக் கேள்வி வந்தால் காட்ட உங்களிடம் அந்த மெயில் ஒன்றுதான் இருக்கும்.