சாரா அம்: ஒரே சொல், மூன்று வரிசை

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாய்லாந்து மொழிக்கும் தமிழுக்குமான சொற்பட்டியல் ஒன்றைப் பைத்தானில் தொகுக்கிறேன். சில சொற்கள் தட்டச்சு செய்தவை, மற்றவை பிடிஎஃப் கோப்புகளிலிருந்து எடுத்தவை. 'நாம்' (தண்ணீர்) என்ற சொல்லைத் தேடினால் பாதி இடங்கள்தான் அகப்படுகின்றன. திரையில் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. யூனிகோட் உரையை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் என்எஃப்கேசி முறையைப் போட்டேன், சில இடங்களில் சின்ன வளையம் தொனிக்குறிக்கு மேலே ஏறிக்கொண்டது. நம் 'கொ' சிக்கல்தானா இதுவும்?

ர.

அன்புள்ள ர.,

பாதிதான் அதைப் போல. தமிழில் 'ொ' ஒரே குறியாக (3018) இருக்கலாம். 'ெ', 'ா' என இரண்டாகவும் (3014, 3006) இருக்கலாம். யூனிகோட் இரண்டையும் முழுச் சமமாக வைத்திருப்பதால் அத்தகைய சமங்களை மட்டும் ஒன்றாக்கும் என்எஃப்சி முறையைப் போட்டதும் ஒன்றாகிவிடும். (எண்கள் யூனிகோட் குறியெண்கள், பதின்மத்தில். பைத்தானின் ஆர்ட் செயற்கூறு காட்டுவதும் இவையே.)

உங்கள் சொல்லில் வரும் தாய்லாந்து உயிர்க்குறியான சாரா அம் (3635) வேறு கதை. மேலே ஒரு வளையம், வலப்பக்கம் ஒரு கால். வளையத்துக்கு நிக்காஹித் (3661), காலுக்கு சாரா ஆ (3634) என்று தனிக் குறிகளும் உண்டு. ஆனால் 3635-ஐ அந்த ஜோடியோடு இணைத்திருப்பது தளர்வான உறவு மட்டுமே. என்எஃப்சி அதைத் தொடாது. என்எஃப்கேசி பிரித்துப் போடும், திரும்பச் சேர்க்காது. தாய்லாந்தின் வழக்கமான கெட்மனி விசைப்பலகையில் சாரா அம்முக்கு ஒரே விசை, தாய்லாந்து எழுத்துக்கான பழைய குறியேற்றமான டிஐஎஸ்-620 தரத்தில் ஒரே பைட் (211). அந்தத் தரத்தின் வரிசையை யூனிகோட் அப்படியே எடுத்துக்கொண்டது. இந்தப் பிரிப்பு விதிகளை இனி மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதி, அதனால் திருத்தம் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

உங்கள் சொல்லையே பிரித்துப் பாருங்கள். தட்டச்சில் வருவது 3609, 3657, 3635: நோ நூ என்ற மெய், மாய் தோ என்ற தொனிக்குறி, சாரா அம். என்எஃப்கேசிக்குப் பிறகு 3609, 3657, 3661, 3634. பிடிஎஃப்பிலிருந்து பெரும்பாலும் 3609, 3661, 3657, 3634. காரணம், ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துரு இயந்திரம் 3635-ஐக் கண்டதும் இரண்டாக உடைத்து, வளையத்தைத் தொனிக்குறிக்கு முன்னால் நகர்த்துகிறது. வளையம் கீழே, தொனி மேலே என்று சரியாக அமைவது அதனால்தான். பிடிஎஃப்பில் பதிவது அந்த நகர்த்திய வரிசை. ஏற்கெனவே உடைந்த உரையைக் கொடுத்தால் இயந்திரம் எதையும் நகர்த்தாது, வந்த வரிசையிலேயே அடுக்கும். உங்கள் வளையம் மேலே ஏறியது இப்படித்தான்.

என்எஃப்கேசியை எடுத்துவிட்டு என்எஃப்சி மட்டும் போடுங்கள். அடுத்து, சாரா ஆ, சாரா அம், தொனிக்குறிகள் (3656 முதல் 3659 வரை) இவற்றுக்கு முன்னால் இடைவெளி இருந்தால் நீக்குங்கள். இவை சொல்லின் தொடக்கத்தில் வருவதில்லை, பிடிஎஃப்தான் அந்த இடைவெளியை நுழைக்கிறது. பிறகு 3661-உம் 3634-உம் அடுத்தடுத்து வந்தாலோ, நடுவில் ஒரு தொனிக்குறி இருந்தாலோ, அந்தத் தொனியை முன்னால் வைத்து 3635 என்று மாற்றுங்கள். ஜோடிக்கு முன்பே தொனி இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும். பட்டியலுக்கு மட்டும் செய்து தேடுசொல்லை விட்டுவிட்டால் பயனில்லை, இரண்டுக்கும் ஒரே விதி வேண்டும். சரிபார்க்க, இந்தச் சொல்லின் நீளம் எங்கும் 3 என்றே வரவேண்டும்.

நிக்காஹித் தனியே நின்றால் கை வைக்காதீர்கள். தாய்லாந்து எழுத்தில் அச்சாகும் பாலி உரைகளில் அது முறையான மூக்கொலிக் குறி. இணைய முகவரிகளையும் இந்த மாற்றத்திலிருந்து விலக்குங்கள். பன்மொழி முகவரிகளுக்கான ஐடிஎன்ஏ 2008 விதிப்படி 3635-க்கு அங்கே அனுமதி இல்லை, உடைந்த வடிவம்தான் செல்லும்.

'கெ' பற்றி நினைத்துக் குழம்ப வேண்டாம். நாம் யூனிகோடில் 'க'வை முதலில் சேமித்துக் கொம்பைப் பின்னால் வைக்கிறோம். தாய்லாந்து எழுத்தில் சாரா ஏ என்ற உயிர்க்குறி (3648) மெய்க்கு முன்னாலேயே சேமிக்கப்படுகிறது, நம் பழைய டிஸ்கி குறியேற்றத்தில் கொம்பு இருந்ததைப் போல. ஆகவே அகரவரிசைப்படுத்தும்போது இப்படி முன்னால் நிற்கும் உயிர்க்குறியையும் மெய்யையும் இடம் மாற்றித்தான் ஒப்பிட வேண்டும். கூடவே 3648 இரண்டு முறை அடுத்தடுத்து வந்திருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். சாரா ஏ-வை இரு முறை தட்டினால் வேறோர் உயிர்க்குறியான 3649 போலவே தெரியும். அதைக் கூச்சமின்றி 3649 ஆக்கிவிடலாம்.