விடிய முதல் பில்லுக்கு மட்டும் வரும் பிழை

கேள்வி: அக்கா, மல்லாவியில எங்கட உரக்கடைக்கு நான்தான் பைதனில பில் போடுற மென்பொருள் எழுதினனான். தரவெல்லாம் அதே விண்டோஸ் கணினியில இருக்கிற மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில. பின்னேரம் ஆறு மணிக்குக் கடை பூட்டும்வரை ஒரு பிழையும் இல்லை. கணினியை நிப்பாட்டாமல் விட்டிட்டுப் போய், விடிய எட்டு மணிக்கு முதல் பில் போட்டால் 'சேர்வர் ஹாஸ் கோன் அவே' (தரவுத்தளம் போயிட்டுது) எண்டு வருது. மென்பொருளை மூடித் திறந்தால் சரி. கணினி பழுதெண்டு அப்பா சொல்லுறார்.
– வாசகர், மல்லாவி

பதில்: பழுதில்லை தம்பி. அப்பாவைப் புதுக் கணினி வாங்க விடாதீங்கள்.

ஒரே கணினியில் இருந்தாலும் உங்கள் மென்பொருளும் தரவுத்தளமும் இரண்டு தனி நிரல்கள். மென்பொருள் தரவுக் கோப்பைத் தானே திறப்பதில்லை. தரவுத்தளத்தின் வாசலான 3306 ஆம் போர்ட்டில் தட்டி, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைப்பொன்றைப் பெறுகிறது. 'யூரியா எத்தனை அந்தர் கிடக்குது' என்று அதற்குள்ளால்தான் கேட்கிறது. அந்த இணைப்பில் 28,800 செக்கன் பேச்சுமூச்சு இல்லாவிட்டால் மைஎஸ்கியூஎல் அறுத்துவிடும். யாரும் மாற்றாவிட்டால் அதுதான் அளவு: 8 மணித்தியாலம். உங்கள் கடை பூட்டிக் கிடப்பது 14. அறுந்த சங்கதி மென்பொருளுக்குத் தெரியாது. கிளிநொச்சியில் கோல் எடுக்கும் கொமினிகேசன் கடையில் லைன் போனது தெரியாமல் அம்மா கனடா மாமாவோடு கதைத்துக்கொண்டே நின்றது எனக்கு ஞாபகம் வருகிறது.

8 மணித்தியாலத்தைக் கூட்டிவிடலாமே என்பீர்கள். தைப்பொங்கலுக்கு நாலு நாள் பூட்டினால்? வேண்டாம். காலையில் ஒரு இணைப்பைத் திறந்து நாள் முழுக்க வைத்திருக்கும் பழக்கத்தை விடுங்கள். ஒவ்வொரு பில்லுக்கும் திறந்து, முடிய மூடுங்கள். ஒரு கடைக்கு அந்தத் தாமதம் கண்ணுக்கே தெரியாது.

அறுந்தால் தானாக மறுபடி இணைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரும்படியும் எழுதாதீங்கள். கொமிட் ஆகாத, அதாவது நிரந்தரமாகப் பதிய இன்னும் சொல்லாத வேலையை, வழமையான இன்னோடிபி வகை அட்டவணைகளில், இணைப்பு அறுந்ததும் தரவுத்தளம் திருப்பி அழித்துவிடும். பில்லை எழுதியபின் அறுந்து, மிச்சத்தைப் புது இணைப்பில் எழுதினால், கையிருப்பில் யூரியா குறைந்திருக்கும், பில் இருக்காது. இரண்டும் ஒரே இணைப்பில் எழுதப்பட்டு, ஒன்றாகக் கொமிட் ஆகவேண்டும்.

மூடுவதில்தான் நான் மாட்டுப்பட்டேன். பரந்தன் பக்கம் ஒரு அரிசி மில்லுக்கு நெல் நிறுக்கும் மென்பொருள் எழுதியபோது, பிழை வந்த இடங்களில் இணைப்பை மூட மறந்துபோனேன். மைஎஸ்கியூஎல் இயல்பாக விடுவது 151 இணைப்புகள். காலபோக அறுவடை நேரம், மத்தியானத்துக்குள் அத்தனையும் நிரம்பிவிட்டது. வெளியில் உழவு இயந்திரங்கள் வரிசை, உள்ளே 'டூ மெனி கனெக்சன்ஸ்'. உங்களைப் படுத்தும் அதே 8 மணித்தியாலம் முடிந்திருந்தால் அவை தானாகக் கழன்றிருக்கும். முதலாளி அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாரா? பேச்சு வாங்கினேன்.

ஆகவே மூடும் வரியை, பிழை வந்தாலும் வராவிட்டாலும் பைதன் கடைசியில் ஓட்டும் 'ஃபைனலி' பகுதிக்குள் போடுங்கள். பில் பிழைத்தாலும் இணைப்பு மூடப்படும்.