ஆயுள் முழுக்க ஒரே கால்பந்து அணியை ஆதரிப்பவர்களே, இன்றைய வீரர் டிரான்ஸ்ஃபர்களை (விலை பேசி வீரர்கள் அணி மாறுவதை)ப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

கேள்விக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது: "அந்த அணி உங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது?" இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதற்குப் பதில் சொல்ல எனக்கு வராது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு அணி இங்கிலாந்தின் லிவர்பூல். நான் தேர்ந்தெடுத்ததல்ல. இனிஷியல் மாதிரி அப்பாவிடமிருந்து வந்தது.

அப்பா அந்த ஊரை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. அவருடைய நண்பர் ஒருவர் கப்பலில் வேலை பார்த்தார். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் பழைய இங்கிலாந்து கால்பந்து வார இதழ்களைக் கட்டாகக் கொண்டுவந்து போடுவாராம். மூன்று மாதம் பழசான செய்தியை அப்பா அன்றைக்கு நடந்தது போலப் படிப்பார். சனிக்கிழமை இரவில் ரேடியோ. பிபிசி உலகச் சேவையில் ஆட்ட முடிவுகளை வரிசையாக வாசிப்பார்கள். வாசிப்பவர் இரண்டாவது அணியின் பெயரைச் சொல்லும்போது குரல் ஏறினால் அந்த அணி ஜெயித்துவிட்டது, இறங்கினால் தோற்றுவிட்டது, இரண்டு பெயரும் ஒரே சுருதியில் வந்தால் டிரா. கோல் எண்ணிக்கை வருவதற்குள் அப்பாவின் முகம் மாறியிருக்கும். எனக்கு இங்கிலீஷ் புரியாத வயதிலேயே அந்த ராகம் புரிந்துவிட்டது.

அப்பாவிடம் ஒரு நோட்டு உண்டு. நீல மசியில், எண்ணுக்கு ஒரு பக்கம், 1 முதல் 11 வரை. அந்தக் காலத்தில் எண் என்பது இடத்துக்குச் சொந்தம், ஆளுக்கு அல்ல. 2 என்றால் வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர், யார் ஆடினாலும் 2. (ஆளுக்கொரு நிலையான எண்ணும் முதுகில் பெயரும் இங்கிலாந்தின் முதல் நிலை லீகான பிரீமியர் லீகில் 1993-ல்தான் வந்தன.) யாராவது அணியை விட்டுப் போனால் அப்பா ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டுப் பெயரை அடித்துவிட்டு, கீழே புதுப் பெயரை எழுதுவார். 2-ஆம் பக்கத்தில் ஃபில் நீல் என்ற பெயர் ஏறக்குறைய பத்து வருஷம் அடிபடாமல் கிடந்தது. மனிதர் தொடர்ந்து 417 ஆட்டங்கள் ஒன்றுகூட விடாமல் ஆடியவர். அதே கிளப் 1965-66 லீக் சீசன் முழுவதையும் 14 பேரை வைத்து ஆடி முடித்துச் சாம்பியனும் ஆனது. இன்றைக்கு ஒரே ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரர்களோடு சேர்த்து 16 பேர் இறங்குகிறார்கள்.

7-ஆம் பக்கம்தான் வீட்டில் பிரபலம். முதல் பெயர் கெவின் கீகன். 1971-ல் ஸ்கன்தார்ப் என்ற சின்ன கிளப்பிலிருந்து 30,000 சொச்சம் பவுண்டுக்கு வந்தவர், 1977-ல் 5 லட்சம் பவுண்டுக்கு ஜெர்மனியின் ஹாம்பர்குக்குப் போனார். அப்பாவுக்கு அது பெரிய அடி. ஆனால் கீகன் தன் கடைசி சீசன் தொடங்கும் முன்பே "இந்த வருஷத்தோடு போகிறேன்" என்று சொல்லிவிட்டிருந்தார். சொன்ன பிறகும் வருஷம் முழுக்க ஆடி, லீகை ஜெயித்து, மே 25 அன்று ரோமில் ஐரோப்பியக் கோப்பையையும் தூக்கிவிட்டுத்தான் கிளம்பினார். அந்தக் காசில் செல்டிக்கிலிருந்து 4,40,000 பவுண்டுக்கு கென்னி டால்கிலிஷ் வந்தார். வந்தவர் போனவரைவிடப் பெரிய ஆள் என்று அப்பா ஒப்புக்கொள்ள இரண்டு வருஷம் பிடித்ததாம்.

ஆகவே, "அந்தக் காலத்தில் எல்லாரும் விசுவாசமாக இருந்தார்கள், இப்போது காசுக்கு ஓடுகிறார்கள்" என்று யாராவது சொன்னால் நான் தலையாட்ட மாட்டேன். அந்தக் கால விசுவாசத்தில் பாதி, கட்டிப்போட்டதால் வந்தது. 1961 ஜனவரி வரை இங்கிலாந்தில் ஒரு வீரருக்கு வாரம் 20 பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்று விதி. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விடவில்லை என்றால் வேறெங்கும் போக முடியாது. ஜார்ஜ் ஈஸ்தம் என்ற நியூகாசில் வீரர் அதை எதிர்த்து ஆடவே மறுத்து, தக்கை விற்கிற வேலைக்குப் போனார். 1963-ல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் முழு விடுதலை வர 1995 டிசம்பர் ஆயிற்று. பெல்ஜியத்தின் போஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: ஒப்பந்தம் முடிந்த வீரருக்குப் பழைய கிளப் விலை கேட்க முடியாது. எங்கள் 7-ஆம் பக்கத்தின் ஸ்டீவ் மெக்மனமன் அந்தத் தீர்ப்பின் தயவில்தான் 1999-ல் காசில்லாமல் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டுக்குப் போனார்.

அடுத்து 2004 ஆகஸ்ட், மைக்கேல் ஓவன். பள்ளிப் பருவத்திலிருந்து லிவர்பூலில் வளர்ந்தவர். ஒப்பந்தத்தில் ஒரு வருஷம்தான் பாக்கி என்பதால் 80 லட்சம் பவுண்டும் கூடவே ஒரு வீரரும் வாங்கிக்கொண்டு மாட்ரிட்டுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அப்பா ஒரே ஆபீசில் 36 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "வளர்த்த இடத்தை விட்டுட்டுப் போறான் பாரு" என்று நாலு நாள் புலம்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. அதே மாதம்தான் நான் மூன்றாவது ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். ஐந்தாவது நாள் பேப்பரைப் படித்தபடியே கேட்டார்: "ஏம்மா, உன் பழைய ஆபீஸ்காரங்களும் உன்னைப் பத்தி இப்படித்தான் பேசியிருப்பாங்களோ?" அதற்குப் பிறகு ஓவனைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை. (அடுத்த மே மாதமே அவர் இல்லாமல் நாங்கள் இஸ்தான்புல்லில் ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்ததும் ஒரு காரணம். அந்த ராத்திரியைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று, விட்டுவிடுகிறேன்.)

சித்தப்பாவை விட்டுவிட்டால் சண்டைக்கு வருவார். அண்ணன் லிவர்பூல் என்பதாலேயே அவர் லீட்ஸ் யுனைடெட். அந்தப் பிடிவாதத்துக்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 2001-ல் லீட்ஸ் சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கோப்பையின் புதுப் பெயர்) அரையிறுதி வரை போனது. எல்லாம் கடன் காசு, இனி வரப்போகிற வருமானத்தை நம்பி வாங்கியது. அடுத்த வருஷங்களில் வருமானம் வரவில்லை, கடன்காரன் வந்தான். ரியோ ஃபெர்டினண்டை 3 கோடி பவுண்டுக்குப் பக்கத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள். பிறகு ஒவ்வொருவராக. 2004-ல் பிரீமியர் லீகிலிருந்து கீழ் லீகுக்கு இறங்கினார்கள். அந்த மே மாதக் கடைசி உள்ளூர் ஆட்டத்தில், லீட்ஸ் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த ஆலன் ஸ்மித்தை ரசிகர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதே மாதத்துக்குள் அவர் மான்செஸ்டர் யுனைடெட் சட்டையில் நின்றார். லீட்ஸ்காரர்களுக்கு அதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. நாங்கள் கேலி செய்யக் காத்திருந்தோம். சித்தப்பா போனில் சொன்னது ஒரே வரி: "அவனை வித்த காசுலதான் அங்க கரண்ட் பில் கட்டுறாங்க, அவனைத் திட்டாதீங்க."

லீட்ஸ் மூன்றாம் நிலை லீக் வரைக்கும் இறங்கி, பிரீமியர் லீகுக்குத் திரும்ப 16 வருஷம் ஆனது. சித்தப்பா அணி மாறவில்லை. சித்தி கேட்டுப் பார்த்தார்.

எனக்கு டிரான்ஸ்ஃபர் மேல் முதல் கசப்பு வந்தது 2011 ஜனவரி 31. கிளப்புகள் வீரர்களை வாங்கவும் விற்கவும் கொடுத்த கெடுவின் கடைசி நாள். ஃபெர்னாண்டோ டோரஸ் எங்களிடமிருந்து 5 கோடி பவுண்டுக்கு லண்டனின் செல்சிக்குப் போகிறார், அஜாக்ஸிலிருந்து லூயிஸ் சுவாரஸ் வருகிறார், ஆன்டி கேரலை 3.5 கோடிக்கு வாங்கி ஹெலிகாப்டரில் கொண்டு வருகிறார்கள். டிவியில் கோட் போட்ட ஒருவர் பூட்டிய கேட்டுக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்று பேசுகிறார், கீழே மஞ்சள் பட்டையில் எழுத்து ஓடுகிறது. நான் நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தூக்கம் கலைந்து எழுந்து வந்த அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாருக்கும் யாருக்கும்மா மேட்ச்? ஸ்கோர் என்ன?"

மேட்சே இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

என் பையன் வளர்ந்தது அந்த உலகத்தில்தான். ஜூன், ஜூலையில் ஆட்டம் நடக்காத நாட்களில்தான் அவனுக்குக் கால்பந்து உச்சத்தில் இருக்கும். டிரான்ஸ்ஃபர் செய்தியாளர் ஃபப்ரீசியோ ரொமானோ, பேரம் முடிந்தது என்பதற்கு அடையாளமாக "ஹியர் வீ கோ" என்று போட்டால் கோல் விழுந்த மாதிரி கத்துவான். வந்த வீரர் எப்படி ஆடுவார் என்பதைவிட, எத்தனை வருஷ ஒப்பந்தம், தவணை எப்படி, சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவனிடமிருந்துதான் நான் அந்தக் கணக்கையே கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட பிறகுதான் கோபம் இடம் மாறியது.

கணக்கு இதுதான். ஒரு வீரரை 10 கோடி பவுண்டுக்கு 5 வருஷ ஒப்பந்தத்தில் வாங்கினால், கணக்குப் புத்தகத்தில் வருஷத்துக்கு 2 கோடி செலவு எழுதுவார்கள். இரண்டு வருஷம் கழித்து அவருடைய 'மதிப்பு' 6 கோடி. 7 கோடிக்கு விற்றால் லாபம் 1 கோடிதான். செல்சி இதை வைத்து எட்டு வருஷ ஒப்பந்தங்களாகப் போட்டு வருடாந்திரச் செலவைச் சின்னதாக்கிக் காட்ட, 2023-ல் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஐந்து வருஷத்துக்கு மேல் பிரித்து எழுதக்கூடாது என்று பூட்டுப் போட்டது. சரி, எட்டு வயதில் கிளப்பின் பயிற்சிப் பள்ளியான அகாடமிக்கு வந்து அங்கேயே வளர்ந்த பையன்? அவனை யாரும் விலை கொடுத்து வாங்கவில்லை. புத்தகத்தில் அவன் மதிப்பு பூஜ்யம். 3.5 கோடிக்கு விற்றால் 3.5 கோடியும் லாபம்.

பிரீமியர் லீகில் 2025-26 சீசன் வரை, மூன்று வருஷத்துக்குச் சேர்த்து 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது, காட்டினால் புள்ளிகளைப் பிடுங்குவார்கள் என்று ஒரு விதி. நிதியாண்டு பெரும்பாலும் ஜூன் 30-ல் முடியும். 2024 ஜூன் கடைசி வாரத்தில் என்ன நடந்தது? கிளப்புகள் ஒன்றுக்கொன்று தங்கள் சொந்தப் பிள்ளைகளை விற்று வாங்கிக்கொண்டன. நியூகாசில் தன் சொந்த மண்ணின் பையன் எலியட் ஆண்டர்சனை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு அனுப்பியது. அடுத்த வருஷம் அவர் இங்கிலாந்துக்கு ஆடினார். அதே கோடையில் எங்கள் பரம எதிரிகளான மான்செஸ்டர் யுனைடெட், சின்னப் பையனாகத் தங்களிடம் வந்த ஸ்காட் மெக்டோமினேயை நாப்போலிக்கு விற்றது. அவர் அங்கே போய் லீகையும் ஜெயித்து, இத்தாலியின் சிறந்த வீரர் பட்டத்தையும் வாங்கினார். எதிரி வீட்டுப் பிள்ளைதான், இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது.

என் பிரச்சினை இதுதான். வீரர் போவதல்ல, போகத்தான் செய்வார்கள், நானும் போனேன். 22 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து 2017-ல் பாரிஸின் பிஎஸ்ஜி கிளப் பிரேசில் வீரர் நெய்மாரை வாங்கியதும் அல்ல, அது அவர்கள் காசு. வீட்டுப் பிள்ளையை விற்றால்தான் லாபம் என்று ஒரு விதி எழுதி, அதற்கு நிதி ஒழுங்கு என்று பெயர் வைத்ததுதான் எனக்கு ஆறவில்லை. சித்தப்பாவின் லீட்ஸ் மாதிரி கிளப்புகள் மூழ்கக் கூடாது என்று போட்ட வேலி அது. அந்த வேலியே முதலில் ஆலன் ஸ்மித்துகளைத்தான் வெளியே தள்ளுகிறது.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2018 ஜனவரியில் எங்கள் கூட்டின்யோ பார்சிலோனாவுக்குப் போனபோது 14.2 கோடி பவுண்டு என்று கேட்டதும் "நல்ல விலை" என்றுதான் என் வாயில் வந்தது. அந்த வருஷமே தடுப்பாட்டக்காரர் வான் டைக்கும் கோல்கீப்பர் அலிசனும் வந்தார்கள், மறு வருஷம் ஐரோப்பியக் கோப்பையும் வந்தது. 2025-ல் நியூகாசிலுக்காக ஆட மறுத்த அலெக்சாண்டர் ஐசக்கை 12.5 கோடிக்கு நாங்கள்தான் வாங்கினோம். "ஈஸ்தம் செய்ததும் இதையேதானே, அதே நியூகாசிலில்?" என்று பையன் மடக்கினான். ஈஸ்தமின் ஒப்பந்தம் முடிந்திருந்தது, ஐசக்குக்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கி. வித்தியாசம் இருக்கிறது. ஆனாலும் வாங்கியது என் அணி என்பதால் அன்று என் குரல் அவ்வளவு ஓங்கவில்லை.

கடைசியாக ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்ட். ஆறு வயதில் லிவர்பூலுக்கு வந்து 20 வருஷம் இருந்தவர். எண் 66. அப்பாவின் நோட்டில் 66-க்குப் பக்கம் ஏது? வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர் என்பதால் ஃபில் நீலின் 2-ஆம் பக்கத்திலேயே எழுதி, ஓரத்தில் 66 என்று குறித்து வைத்திருந்தார். 2025 மே மாதம், ஒப்பந்தம் முடிந்ததும் மாட்ரிட்டுக்குப் போகப்போகிறார் என்ற செய்தி வந்தது. சில நாளில் ஆர்சனலோடு ஆட்டம். மாற்று ஆட்டக்காரராக அவர் இறங்கியதும் எங்கள் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டிலேயே ஒரு பகுதி ரசிகர்கள் ஊளையிட்டார்கள். ஒவ்வொரு முறை பந்தைத் தொடும்போதும்.

"பத்து கோடிக்குப் போக வேண்டியவன், சும்மா போறான், அதான் கோபம்" என்றான் பையன்.

அப்பா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார். மிச்ச ஆட்டத்தை ஊமையாகவே பார்த்தோம். முடிந்ததும் நோட்டை எடுத்து வரச் சொன்னார். 2-ஆம் பக்கத்தைத் திறந்து, ஸ்கேலை வைத்து, பேனாவைத் திறந்து, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு மூடி பையனிடம் கொடுத்துவிட்டார்.

"என்ன தாத்தா, அடிக்கலையா?"

"பேனா எழுதலைடா."