முதலில் சித்தியின் ரத்தம்

கேள்வி: நான் தாராவியில் வசிக்கிறேன். வயது 33, இரண்டு பிள்ளைகள். என் அம்மா 41 வயதில் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். இப்போது அம்மாவின் தங்கைக்கு, என் சித்திக்கு, 46 வயதில் சினைப்பைப் புற்றுநோய். பரேலில் சிகிச்சை நடக்கிறது. எங்கள் பகுதிக்கு வந்த ஒரு தொண்டு அமைப்பினர், குடும்பத்தில் புற்றுநோய் இருந்தால் மரபணுப் பரிசோதனையை இலவசமாகச் செய்வதாகச் சொன்னார்கள். பெயர் கொடுக்க நினைத்தேன். அப்பா தடுக்கிறார். "இலவசம் என்பதற்காக வராத நோயை வீட்டுக்குக் கூப்பிடுவாயா? உன் தங்கைக்கு மாமா மகனைப் பேசி முடித்திருக்கிறோம். செய்தி ஊருக்குப் போனால் என்ன ஆகும்?" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மும்பை

பதில்: அன்புச் சகோதரி, 33 என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தில் என் கண் நின்றுவிட்டது. தாயைச் சிறு வயதில் பறிகொடுத்த பெண்கள் தங்கள் வயதை அம்மாவின் வயதிலிருந்து கழித்துப் பார்த்துக்கொண்டே நாட்களைக் கடத்துகிறார்கள். இன்னும் எட்டு ஆண்டு என்று நீங்களும் கணக்குப் போட்டிருப்பீர்கள். அந்தக் கணக்கிலிருந்து உங்களை வெளியே கொண்டுவர இந்தப் பரிசோதனையால் முடியும். ஆகவே, செய்துகொள்ளுங்கள் என்றே சொல்வேன். ஆனால் முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியவர் உங்கள் சித்தி.

பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்ற இரண்டு மரபணுக்கள் நம் எல்லோருக்கும் உண்டு. சேதமடைந்த டிஎன்ஏவைச் செப்பனிடுவது அவற்றின் வேலை. இவற்றில் ஒன்று பழுதோடு பிறந்த பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது. சினைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு முதல் மரபணு பழுதானால் 44, இரண்டாவது பழுதானால் 17 என்று 2017-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று சொல்கிறது. மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரையாக வருபவை நூற்றில் ஐந்து முதல் பத்துதான். ஆனால் அக்காவுக்கு 41-இல் மார்பகத்திலும் தங்கைக்கு 46-இல் சினைப்பையிலும் வந்திருக்கிறது என்றால், மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது இந்த இரண்டைத்தான்.

நோய் வராத உங்கள் ரத்தத்தை மட்டும் பார்த்து "பழுது இல்லை" என்று அறிக்கை வந்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வீர்கள்? குடும்பத்தில் ஓடும் பழுது உங்களுக்கு வராமல் தப்பியிருக்கலாம். அல்லது, உங்கள் குடும்பத்தின் பழுது அந்தப் பரிசோதனை தேடாத வேறு இடத்தில் இருக்கலாம். எது என்று யாராலும் சொல்ல முடியாது. சித்தியிடம் தேடி, இன்ன இடத்தில் இன்ன பழுது என்று தெரிந்துவிட்டால், பிறகு உங்களிடமும் தங்கையிடமும் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறையும், பதிலும் தெளிவாக இருக்கும். அப்போது "இல்லை" என்று வந்தால் உங்களுக்கும் மற்றப் பெண்களுக்கும் ஆபத்து ஏறத்தாழ ஒன்றே. உங்கள் பிள்ளைகளுக்கும் அது உங்கள் வழியாகப் போகாது. சித்திக்கும் இதில் நேரடிப் பலன் உண்டு. ஒலாபரிப் போன்ற மருந்துகள் இந்தப் பழுது உள்ள சினைப்பைப் புற்றுநோயில் நன்றாக வேலை செய்கின்றன; அறிக்கை அவருடைய சிகிச்சையையே மாற்றக்கூடும்.

தொண்டு அமைப்பினரிடம் போய் இதைச் சொல்லுங்கள்: "எனக்கு ஒதுக்கும் பரிசோதனையை என் சித்திக்குச் செய்து கொடுங்கள்." விஷயம் அறிந்தவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள். கூடவே இரண்டு கேள்விகள் கேளுங்கள். ரத்தம் எடுப்பதற்கு முன்பும் அறிக்கை வந்த பிறகும் மரபணு ஆலோசகர் உட்கார்ந்து பேசுவாரா? ஒப்புதல் படிவத்தைத் தமிழில் விளக்குவார்களா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வராவிட்டால், கையெழுத்துப் போடாதீர்கள். ஆலோசகர் இல்லாத அறிக்கை ஆபத்தானது. சில நேரம் "பொருள் தெளிவாகாத மாற்றம்" என்று முடிவு வரும். உலகத் தரவுகளில் நம் நாட்டவர் குறைவாக இருப்பதால் நமக்கு அது கூடுதலாகவே வருகிறது. அதை நோய் என்று எண்ணி அறுவை சிகிச்சைக்கு ஓடக்கூடாது.

சித்தி சிகிச்சை பெறுவது டாட்டா நினைவு மருத்துவமனையில் என்றால் வேலை இன்னும் எளிது. அங்கே புற்றுநோய் மரபியலுக்கென்றே பிரிவு இருக்கிறது. பணத்துக்கு வழி சொல்ல மருத்துவ சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். கை நீட்டுகிறோமே என்று கூச வேண்டாம். ரத்தப் புற்றுநோயால் 1931-இல் இறந்த மெஹர்பாய் டாட்டாவின் நினைவாக, டாட்டா அறக்கட்டளைப் பணத்தில் 1941-இல் எழுந்த கட்டடம் அது.

பழுது இருக்கிறது என்று தெரிந்தால், ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, பிள்ளைப்பேறு முடிந்த பிறகு சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றுவது என்று செலவு தொடரும். இலவச முகாம் அதுவரை கூட வராது. மகாராஷ்டிராவின் பெரிய அறக்கட்டளை மருத்துவமனைகள் 10 விழுக்காடு படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 விழுக்காட்டை நலிந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணத்திலும் தர வேண்டும் என்பது சட்டம். ரேஷன் கார்டையும் வருமானச் சான்றிதழையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

இனி உங்கள் அப்பா. மனைவியைப் பறிகொடுத்தவர், மகளுக்கு அதே சொல்லைக் கேட்க அஞ்சுகிறார், அவர்மீது கோபப்படாதீர்கள். ஆனால் கல்யாணத்தைக் காரணம் காட்டுகிறாரே, அந்தக் கல்யாணத்துக்காகவே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாப்பிள்ளை மாமா மகன். அம்மாவிடமும் சித்தியிடமும் இருந்த பழுது மாமாவிடமும் இருக்கலாம், அவர் மகனுக்கும் போயிருக்கலாம். இது ஆண்கள் வழியாகவும் இறங்கும். பெண், மாப்பிள்ளை இருவரிடமும் பிஆர்சிஏ 2 பழுது இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரு பக்கத்துப் பழுதும் சேர்ந்து இறங்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு ஃபான்கோனி ரத்தசோகை என்ற கொடிய நோய் வரும். இருவரில் ஒருவருக்கு இல்லை என்று தெரிந்தால் இந்தக் கவலையே கிடையாது, தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம். இருவருக்கும் இருந்தால்கூட, குழந்தை பற்றி என்ன செய்யலாம் என்று முன்கூட்டியே ஆலோசகரிடம் பேச முடியும். இதை ஊர் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. மாமாவிடம் மறைக்கவும் கூடாது. ஆண்களுக்கும் இந்தப் பழுதால் புரோஸ்டேட் புற்றுநோய் வரக்கூடும்.

சித்தியின் அடுத்த சிகிச்சை நாளில் அவரோடு நீங்களும் போங்கள். முதலில் அவர் சம்மதத்தைக் கேளுங்கள். "என்னால் குடும்பத்துக்கு வந்தது" என்ற எண்ணம் அவருக்கு வந்துவிடாமல் பேசுங்கள். ஆலோசகர் மூன்று தலைமுறைக் கதை கேட்பார். ஆச்சி எந்த வயதில், எதனால் இறந்தார் என்று மாமாவிடம் கேட்கும் பொறுப்பை அப்பாவிடமே கொடுங்கள். "வயிறு வீங்கிச் செத்துப்போனாள்" என்று மட்டும் மாமா சொன்னாலும், அந்த வார்த்தைகளை அப்படியே எழுதி எடுத்துப் போங்கள்.