மலை எப்படி உருவானது என்று படிக்க ஆசைப்படும் பெண்ணின் அம்மாவுக்கு

அம்மா, வணக்கம்.

சனிக்கிழமை நீங்கள் கிளம்பிய பிறகும் உங்கள் பெண் மறந்து விட்டுப்போன ஜல்லிக்கல் என் மேஜையிலேயே கிடக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். "மார்க் நல்லா வருது, எஞ்சினியரிங் சீட் கிடைச்சிடும். இவ என்னடான்னா மலை எப்படி உருவாச்சுன்னு படிக்கப் போறேங்கறா. அதுக்கு யார் சார் சம்பளம் குடுப்பாங்க?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அவள் எதிரில் அவசரப்பட்டுப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் புவியியல் என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அது ஜியாகிரபி. இவள் கேட்பது ஜியாலஜி, தமிழில் நிலவியல். விண்ணப்பத்தில் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த ஜல்லி. பக்கத்து மனையில் கொட்டிய லோடிலிருந்து எடுத்தேன் என்றாள். ஈரத்துணியால் துடைத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். கருமைக்குள் எண்ணெய் தடவினாற்போல ஒரு பச்சை மினுக்கு, ஊடே நீலம் ஓடிய குவார்ட்ஸ் என்ற கனிமம். இது சார்னோகைட் என்ற பாறை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பெயரை வைத்தார். ஆனால் இதன் பிறந்த வீடு நம் பரங்கிமலையும் பல்லாவரமும்தான். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, தரைக்கு 20 கிலோமீட்டருக்கும் கீழே கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவான பாறை. மேலே கிடந்ததெல்லாம் அரித்துப் போனதால்தான் இன்று நம் கண்ணில் படுகிறது. இமயமலைக்கு அடியில் இப்போது நடப்பதை யாரும் இறங்கிப் பார்க்க முடியாது. ஆழத்திலிருந்து வெளியே வந்துவிட்ட இப்படிப்பட்ட பழைய பாறைகளைப் படித்துத்தான் மலையின் அடிப்பகுதியில் என்ன நடக்கும் என்று கண்டுபிடிக்கிறார்கள். உங்கள் பெண் பொறுக்கி வருவது குப்பை இல்லை, அம்மா.

அதே பரங்கிமலையில் இன்னொன்றும் உண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர், மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோடு ஒன்றை அங்கிருந்துதான் அளக்க ஆரம்பித்தார். அந்த நில அளவை அரை நூற்றாண்டில் இமயமலை வரை போனது. போன இடத்தில் ஒரு சிக்கல். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிறாரே, அந்தத் தூக்குக்குண்டை அவ்வளவு பெரிய மலை தன் பக்கம் நன்றாக இழுக்க வேண்டும். கணக்குப்படி இழுக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்தது. 1855இல் ஜான் பிராட் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். அதே ஆண்டு ஜார்ஜ் ஏய்ரி, தண்ணீரில் மிதக்கும் கட்டைக்குக் கீழ்ப்பாகம் இருப்பதுபோல மலைக்கும் அடியில் வேர் இருக்கிறது, அந்த வேர் சுற்றியுள்ளதைவிட லேசானது, அதனால்தான் இழுப்பு குறைந்தது என்று விளக்கம் சொன்னார். திபெத்துக்கு அடியில் பூமியின் மேலோடு ஏறத்தாழ 70 கிலோமீட்டர், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தடிமன் என்று பின்னால் தெரிந்தது. இதை உங்கள் பெண்ணிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தீர்கள் அல்லவா?

சரி, சம்பளத்துக்கு வருகிறேன். மலை உருவாவதை மட்டுமே ஆராயும் வேலைகள் குறைவு. 1968இல் டெல்லியில் தொடங்கி இப்போது டேராடூனில் இருக்கும் வாடியா இமாலய நிலவியல் நிறுவனம், ஹைதராபாத்தில் என்.ஜி.ஆர்.ஐ. என்ற தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், ஐ.ஐ.டி.கள், சில பல்கலைக்கழகங்கள், அவ்வளவுதான். எம்.எஸ்ஸி., பிறகு நெட் அல்லது கேட் தேர்வு, பிறகு பிஎச்.டி. நிலையான வேலையில் உட்கார முப்பது வயதாகலாம். இதை அவளிடமும் மறைக்க வேண்டாம்.

ஆனால் அதே எம்.எஸ்ஸி. வேறு கதவுகளையும் திறக்கும். 1851 முதல் இருக்கும் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் யு.பி.எஸ்.சி. தனித் தேர்வு வைக்கிறது. குரூப் ஏ பதவி, ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் மட்டும் 56,100 ரூபாய். மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவி நிலவியலாளர் வேலை. எண்ணெய், கனிமம், நிலச்சரிவு என்று இன்னும் உண்டு. மெட்ரோ சுரங்கம் தோண்டுமுன் அடியில் மண்ணா பாறையா என்று துளை போட்டுப் பார்த்துச் சொல்வதும் இந்தப் படிப்புக்காரர்கள்தான்.

அதனால் என் யோசனை இது. இந்த வருடம் ஜே.இ.இ. எழுதட்டும். அட்வான்ஸ்டு வரை போனால் காரக்பூர், தன்பாத் ஐ.ஐ.டி.களில் நேரடியாக இந்தத் துறை கிடைக்கும். கிடைக்காவிட்டால் அதற்காக ஒரு வருடத்தை வீணாக்கி ரிப்பீட்டர் கோச்சிங் போடாதீர்கள். மாநிலக் கல்லூரியில் பி.எஸ்ஸி. நிலவியல் இருக்கிறது. மூன்றாம் வருடம் எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வான 'ஜாம்' எழுதி ஐ.ஐ.டி. போகலாம், இல்லையென்றால் இங்கேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். கணக்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கைவிடக் கூடாது. அப்புறம், எந்தக் கல்லூரியைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை நாள் களப்பயணம்? பாறையை 0.03 மில்லிமீட்டருக்கு இழைத்துப் பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் பிள்ளைகள் தாங்களே உட்காருகிறார்களா? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

பெண் பிள்ளை காடு மலை என்று அலைவதா என்று அவள் வெளியே போனதும் தணிந்த குரலில் கேட்டீர்களே. முகாம் வாழ்க்கை சுலபம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சுதீப்தா சென்குப்தா என்ற நிலவியலாளர் மலையேற்றம் பழகியவர், நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். 1983இல் அண்டார்டிகா போன முதல் இந்தியப் பெண்கள் இருவரில் ஒருவர். 1991இல் அறிவியலுக்கான பட்நாகர் விருதும் வாங்கினார். உங்கள் பெண்ணுக்கு முன்னால் வழி போட்டவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த சந்திப்புக்கு முன் ஒரு காலை அவளோடு பரங்கிமலை ஏறிவிட்டு வாருங்கள். அங்கே சார்னோகைட் தேசிய நிலவியல் நினைவுச் சின்னம், கல்லை உடைக்கக் கூடாது. அவளே விளக்கட்டும், நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். ஜல்லியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், வரும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.