வாசகர் கேள்வி – பதில்: பெறுபேற்றுக்குப் பின்னால் இருக்கும் வகுப்பறை

கேள்வி: என் மகள் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் தரம் 7இல் படிக்கிறாள். கடந்த சாதாரண தரப் பரீட்சையில் அங்கு தோற்றிய பிள்ளைகளில் பாதிப்பேரே சித்தியடைந்தார்கள். நகரப் பாடசாலையில் பத்துக்கு ஒன்பது பேர் சித்தி. அவளை நகரத்துக்கு மாற்றிவிடும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். மாற்றுவது சரியா?
– ஒரு தாய், மஸ்கெலியா

பதில்: சகோதரி, அந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே வைப்பதற்கு முன்னால், இரண்டு வகுப்பறைகளிலும் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளில் பலர் தரம் 6இல் நகரத்துப் பிரபல பாடசாலைகளுக்குப் போய்விடுகிறார்கள். தோட்டப் பாடசாலையின் கனிஷ்ட இடைநிலை வகுப்பு, தன்னிடம் நன்றாக வாசித்த பிள்ளைகளை அனுப்பிவிட்டுத்தான் தொடங்குகிறது. ஐந்து வருடம் அவர்களுக்கு எழுத்தறிவித்த ஆசிரியையின் உழைப்பு, பின்னாளில் வேறொரு பாடசாலையின் பெறுபேற்றில் போய்ச் சேருகிறது. தவிர, பன்னிரண்டு பேர் மட்டும் தோற்றும் பாடசாலையில் ஒரே ஒரு பிள்ளை தவறினாலே எட்டு வீதம் குறைந்துவிடும்.

நான் மலையகத்தில் நீண்ட காலம் கணிதம் கற்பித்தவன். வரவு இடாப்பைப் புரட்டினாலே ஒரு வகுப்பின் குடும்ப நிலைமை தெரிந்துவிடும். ஜூன், ஜூலை மழையில் தோட்டத்தின் மேற்பிரிவு லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளிலிருந்து, வரும் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே தொடர்ச்சியாக வரவின்மை விழும். காரணம் கேட்டால், முதல் நாள் நனைந்த சப்பாத்து அடுப்படியில் வைத்தும் காயவில்லை என்பார்கள். ஒரு சோடிதான் இருக்கும். தரம் 8இல் ஒரு பிள்ளைக்குத் தமிழில் 71 புள்ளி, கணிதத்தில் 28. கணிதம் வராத பிள்ளை என்றே நான் முடிவுகட்டியிருந்தேன். அவளுடைய தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாட்டில் இருந்தார். தம்பியைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு அவள் வந்து சேரும்போது முதற் பாடவேளை முடிந்திருக்கும். அந்த வருட நேரசூசியில் வாரத்தில் நான்கு நாள் முதற் பாடவேளை கணிதம் என்பதை இரண்டு தவணைகள் கழிந்த பிறகுதான் கவனித்தேன். அதிபரிடம் பேசிக் கணிதத்தை இடைவேளைக்குப் பின்னால் மாற்றினோம். மூன்றாந் தவணையில் அவள் 46 எடுத்தாள். அந்த இரண்டு தவணைகளும் என் கவனக்குறைவால் அவள் இழந்தவை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அதற்காக, குடும்பச் சூழலைக் காரணம் காட்டிப் பாடசாலை தன் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதை நான் ஏற்கமாட்டேன். அதிபரைச் சந்தித்து மூன்று விடயங்களைக் கேளுங்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்களா? உங்கள் மகளின் வகுப்பு தரம் 6இல் எடுத்த புள்ளிகளுக்கும் இப்போது எடுக்கும் புள்ளிகளுக்கும் இடையில் முன்னேற்றம் உண்டா? கடைசியாகச் சாதாரண தரத்துக்குத் தோற்றிய தொகுதியினர், தரம் 6இல் எத்தனை பேராக இருந்தார்கள்? மூன்றாவதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 2016 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். ஆயினும் தரம் 9ஓடு கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விடும் பையன்கள் சித்தி வீதத்தின் எந்தப் பக்கத்திலும் எண்ணப்படுவதில்லை. பிள்ளைகளைக் கடைசிவரை தக்கவைத்துக்கொண்டு பாதிப்பேரைச் சித்தியடைய வைக்கும் பாடசாலையை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். அப்படியானால் மகள் அங்கேயே படிக்கட்டும், பஸ்ஸில் கழியும் நேரம் படிப்புக்கு மிஞ்சும். மாறாக, கணித ஆசிரியர் இல்லாமலே ஒரு வருடம் ஓடியிருந்தால், தாமதிக்காமல் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பேரனின் பாடசாலைப் படிவத்தில் பெற்றோரின் தொழில், வீட்டின் வகை எல்லாம் கேட்டிருக்கிறார்கள். கொழுந்து பறிப்பதையும் லயத்தில் குடியிருப்பதையும் எழுத மருமகள் கூச்சப்படுகிறாள். படிப்புக்கு இந்த விவரங்கள் எதற்கு?
– ஒரு தாத்தா, லுணுகலை

பதில்: ஐயா, உங்கள் மருமகளின் கூச்சத்தில் ஒரு வரலாறே இருக்கிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, நம்மைக் கேளாமலே பங்கு பிரித்தது. படிவம் என்றாலே நம்மவர்களுக்கு ஓர் அச்சம் வருவது இயல்புதான். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலும், நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் ‘இந்தியத் தமிழர்’ என்ற பெயரில் மலையகத் தமிழராகப் பதிவாகியிருக்க, வேறிடங்களில் பலர் தங்களை இலங்கைத் தமிழர் என்றே பதிந்துகொண்டார்கள்.

ஆனால் பாடசாலைப் பதிவேடு பிள்ளைக்கு உதவவேண்டிய பதிவேடு. பத்தனையில் ஆசிரியர்களைப் பயிற்றும் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது, தோட்டப் பிள்ளைகளுக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் போதாது என்பது கணக்கிலே தெரிந்ததால்தான். தாய் விடியற்காலையில் மலைக்குப் போய்விடுகிறாள், ஓர் அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரிந்தால்தான், வீட்டுப்பாடம் செய்யாமல் வரும் பிள்ளையைச் சோம்பேறி என்று அவர் அடிக்கமாட்டார். மாலையில் பாடசாலையிலேயே ஒரு மணி நேரம் இருந்து எழுத இடங்கொடுப்பார். லயத்தைத் ‘தனி வீடு’ என்று எழுதிவிட்டால் அந்த உதவி கேட்க வழியில்லாமல் போகும்.

விவரம் சேகரிக்கும் முறையில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருங்கள். “யார் வீட்டில் கழிவறை இல்லை? கையைத் தூக்குங்கள்” என்று ஒரு வகுப்பில் கேட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பின்வரிசைப் பையனொருவன் கையைத் தோள்வரை தூக்கினான்; பக்கத்தில் யாரும் தூக்காததைக் கண்டதும், தலையைச் சொறிவதுபோல் இறக்கிக்கொண்டான். பதிவேட்டில் அவன் வீட்டுக்குக் கழிவறை உண்டு என்றே பதிவாயிற்று. ஆகவே படிவத்தை வீட்டிலேயே நிரப்பி, உறையிலிட்டு ஒட்டி, வகுப்பாசிரியரின் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். தொழில் என்ற இடத்தில் மருமகள் தன் கையாலேயே ‘கொழுந்து பறித்தல்’ என்று எழுதட்டும்.